லிஃப்ட்காரரின் நழுவிய எலும்பு

தையல்காரம்மாவிடம் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். துணியை அப்படிப் பார்த்துப் பழகியவள், போகப் போக மனிதர்களையும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமான புதிதில் கணவர் ஒருநாள் காரணமே இல்லாமல் ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்து நீட்டினார். அவள் அதைக் கையில் கட்டிப் பார்க்கக்கூட இல்லை. "என்ன தப்பு பண்ணினீங்க?" என்றுதான் கேட்டாள். பாவம், அந்த மனிதர் ஒரு தப்பும் பண்ணவில்லை. அன்றோடு பரிசு வாங்குவதை நிறுத்திக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி, குனிந்தபடியே வேலை பார்த்துப் பார்த்து இடுப்பில் வலி வந்தது. அப்புறம் அது காலுக்கு இறங்கியது. தெருமுனை வரை நடப்பதற்குள் கால் மரத்து, யார் வீட்டுப் படியிலாவது உட்கார்ந்துவிடுவார். ஆனால் கடையில் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு, அதன்மேல் சாய்ந்தபடி என்றால் ஊரையே சுற்றுவார்.

"வீட்டு வேலைன்னா வலிக்குது, வண்டி தள்ளினா வலிக்கலையா? நல்லா இருக்கே கதை" என்பாள் தையல்காரம்மா.

அந்தக் கதை உண்மைதான் என்று ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மா சொன்ன பிறகுதான் நம்பினாள். குனிந்தால் நரம்புக்கு இடம் கிடைக்குமாம், நிமிர்ந்தால் நசுங்குமாம். டாக்டரம்மா மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்துக் காட்டினார். ஓர் எலும்பு கீழே இருக்கும் எலும்பின்மேல் முன்பக்கமாக நழுவி, பாதி திறந்த மேசை டிராயர் மாதிரி நின்றது.

"வலது கால்ல செருப்பு கழண்டு போறது தெரியுதா?" என்று கேட்டார்.

"திரும்பிப் பார்த்தா தெரியும்" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக்கிடந்தா அப்புறம் என்ன பண்ணினாலும் பாதம் தூக்க வராது. ஏணி ஏற முடியாது. அதனால ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்."

ஏணி ஏற முடியாத லிஃப்ட்காரரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? தையல்காரம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நரம்பை விடுவித்து, நழுவிய எலும்பையும் கீழெலும்பையும் ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு அசையாமல் பிடித்து வைப்பார்கள். ஆனால் கடைசி வரைக்கும் தாங்கப்போவது ஸ்க்ரூ இல்லை. நடுவில் புது எலும்பு வளர்ந்து, இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். சேராவிட்டால் ஸ்க்ரூ ஒருநாள் ஆட ஆரம்பிக்கும்.

"கான்கிரீட் இறுகுற வரைக்கும் முட்டுக் குடுக்கற மாதிரி" என்றார் லிஃப்ட்காரர்.

"அதேதான். முன்னெல்லாம் நடுவுல வைக்க இவரோட இடுப்பெலும்பிலேர்ந்தே கொஞ்சம் வெட்டி எடுப்போம். முதுகு ஆறினாலும் எடுத்த இடம் ரொம்ப நாள் வலிக்கும். இப்போ எலும்பை வளரத் தூண்டற ஒரு பசை மாதிரி வந்திருக்கு. அது பழசு அளவுக்கு நல்லா சேர்க்குதான்னு ஒரு ஆராய்ச்சி நடத்தறோம். பாதிப் பேருக்குப் பழசு, பாதிப் பேருக்குப் புதுசு. யாருக்கு எதுன்னு ஒட்டின கவர்ல இருக்கும். ஆபரேஷன் மேசையிலதான் பிரிப்போம்."

தையல்காரம்மாவுக்கு மூக்கு வியர்த்தது. "அப்போ இவருக்கு எது வைக்கப்போறீங்கன்னு இப்போ உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது."

"வெட்டப்போறது நீங்கதானே?"

"நான்தான்."

"என்னங்க, எழுந்திரிங்க. வேற ஆஸ்பத்திரி பார்ப்போம்."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "முன்னாடியே தெரிஞ்சா எனக்குன்னு ஒரு ஆசை வந்துடும்மா. புதுசு ஜெயிக்கணும்னு நெனச்சு நல்லா இருக்கிற ஆளா பார்த்து அதுக்கு விட்டுடுவேன். அதனாலதான் கவர். அப்புறம் ஸ்கேன் படத்தைப் பார்த்து எலும்பு சேர்ந்துச்சான்னு சொல்றவருக்கும் யாருக்கு எதுன்னு சொல்ல மாட்டோம். உங்க வீட்டுக்காரருக்கும் சொல்ல மாட்டோம். ரெண்டு வகைக்கும் இடுப்புல ஒரு சின்னக் கீறல் இருக்கும், தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நானே என்னை நம்பக்கூடாதுங்கறதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடு."

ஊரையே சந்தேகப்படுகிறவள் தையல்காரம்மா. ஆனால் தன்னையே சந்தேகப்படுகிற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தாள். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்து, "சரி, மேல சொல்லுங்க" என்றாள்.

"இன்னொண்ணுதான் முக்கியம். சிகரெட்டை இன்னையோட விடணும். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிடும். ரத்தம் போகலைன்னா புது எலும்பு வளராது. ஆபரேஷனுக்கு முன்னாடி சிறுநீர்ல பார்ப்போம். இருந்தா ஆபரேஷனை நிறுத்திடுவேன்."

லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, அங்கேயே குப்பைக்கூடையில் வீசினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மகள் பிறந்த அன்றும் இதேபோல் ஒரு பாக்கெட்டை வீசினார். மாமியார் படுத்த படுக்கையானபோதும் வீசினார். வீசுவதில் அவருக்கு நல்ல கை.

மறுநாளே தையல்காரம்மா மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் இல்லை. கல்லாவில் இருந்த பெண்ணிடம், "சிகரெட் ஆசையை அடக்கறதுக்கு ஏதாவது இருக்கா? ஆளுக்குத் தெரியக்கூடாது" என்றாள். அந்தப் பெண் ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே தோலில் ஒட்டுகிற பட்டைகள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு ஒட்டுங்க. நெனப்பே வராது."

"போலி இல்லையே? தேதி முடிஞ்சுடுச்சா? தோல் வெந்துடாதே? ஏன் பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருக்கு?"

எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டாள். உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்பதைத் தவிர.

ஒட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. இடுப்பு வலிக்குத் தினமும் காலையில் ஒரு வலிப்பட்டை ஒட்டுவது அவள் வேலை, அவருக்குக் கை எட்டாது. அதற்குப் பக்கத்தில் இதையும் ஒட்டினாள்.

"ஏன் ரெண்டு?" என்று கேட்டார்.

"வலி பெருசா இருக்கே."

அவரும் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

பட்டை வேலை செய்தது. மனிதர் எரிந்து விழவில்லை, நகம் கடிக்கவில்லை. தூக்கத்தில் மட்டும் ஏதேதோ கனவு வந்து உளறினார்.

"லிஃப்ட் படுத்துக்கிட்டுப் போகுது, எல்லாரும் இறங்குங்க" என்று ஒருநாள் கத்தினார்.

"உள்ள யாரெல்லாம் இருந்தாங்க?" என்று அவள் விசாரித்தாள்.

"தெரியலை. ஒரு பொம்பளை குடை பிடிச்சுக்கிட்டு நின்னா."

"எந்தப் பொம்பளை?"

கனவுக்குக்கூடக் கணக்குக் கேட்டால் அந்த மனிதர் என்னதான் செய்வார்?

பகலில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம், "மனசு வெச்சா போதும், இதெல்லாம் ஒரு விஷயமா" என்று மார்தட்டினார். தையல்காரம்மா தையல் மெஷின் சத்தத்தில் சிரிப்பை மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பேசிவிட்டுப் போகட்டும், யார் மனசு வைத்தது என்று அவளுக்குத் தெரியாதா.

ஆபரேஷன் நெருங்கியது. பரிசோதனைக்குப் போய் வந்தார்கள். முடிவு கேட்கப் போன அன்று அவள் கீழே மாத்திரை வரிசையில் நின்றாள், அவர் மட்டும் மாடி ஏறினார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கூடவே ஆராய்ச்சி வேலையைக் கவனிக்கிற பெண்ணும் வந்தாள்.

"நிக்கோட்டின் இருக்கும்மா" என்றாள் அவள் தணிந்த குரலில். "பக்கத்துல யாரோ பிடிச்ச புகையால இவ்வளவு வராது. தினம் பிடிக்கிறவங்களுக்கு வர்ற அளவு. நான் இவர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுப் பார்த்துட்டேன், எதுவுமே இல்லைங்கறார். டாக்டரம்மா ஆபரேஷனைத் தள்ளி வெச்சுட்டாங்க. மறுபடி டெஸ்ட்ல சரியா வந்தாத்தான் நாள் குடுப்பாங்க. ரொம்ப நாள் ஆனா காலுக்குத்தான் ஆபத்து, பார்த்துக்குங்க."

தையல்காரம்மா கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துணியே கருகிவிடும்.

"சத்தியமா தொடலை" என்றார் அவர்.

"தொடாமலே பிடிச்சீங்களா?"

"உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

"என் தலையை விட்டுடுங்க. அது எனக்கு வேணும்."

பட்டை ஒட்டியும் பிடிக்கிறாரே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. எவ்வளவு நெஞ்சழுத்தம். அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். சட்டையை முகர்ந்தாள். செருப்புக்குள் கையை விட்டாள். குளியலறை ஜன்னல் விளிம்பைத் துடைத்து, விரலில் சாம்பல் ஒட்டுகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றும் சிக்காததே அவளுக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. ஒன்றும் செய்யாதவன் இவ்வளவு சுத்தமாகவா இருப்பான்?

கடைசியில் சந்தேகம் அவளுடைய சொந்தத் தம்பிமேல் விழுந்தது. லிஃப்ட்காரரோடு வேலை பார்க்கிறவன் அவன்தான், புகைவண்டி மாதிரி புகை விடுகிறவன். ஒரு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் போய், மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக் கதவைத் தள்ளினாள். தம்பி மட்டும் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய சிகரெட் துண்டுகள்.

"இதுல உங்க மாமாவோடது எது?"

"அக்கா, என்ன கேக்கறே? எல்லாம் என்னோடதுதான்."

"நீ ஒருத்தனே இவ்வளவா?"

"உன் தம்பிதானே, எதையும் அரைகுறையா பண்ண மாட்டேன்."

"சிரிக்காதே. அவருக்கு நீதான் குடுக்கறே. அவர் கால் போனா நீ தூக்கிச் சுமப்பியா?"

தம்பியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "மாமா இப்போல்லாம் என்கூடச் சாப்பிடக்கூட உக்கார்றதில்லை. நான் பத்த வெச்சா ஏணியைக்கூட விட்டுட்டு வெளிய போயிடறாரு. அவருக்கு ஆபரேஷன் நடக்கணும்னு எனக்கு மட்டும் இல்லையா? பள்ளத்துல இறங்கினா அவரைத் தூக்கி ஏத்தறது யாருன்னு நெனச்சே? நான்தான்."

"நல்லா நடிக்கறே."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரிக்கா. நான் நடிகன். இனிமே உன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்."

விஷயம் லிஃப்ட்காரர் காதுக்குப் போனது. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் அமைதியாகப் பாயை எடுத்துக்கொண்டு போய்த் தையல் கடையில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் படுத்தார்.

"மறுபடி டெஸ்டுக்கு எப்போ போறோம்?" என்று அவள் கேட்டாள்.

"போகலை. மறுபடியும் பொய்யன்னுதான் வரும். பொய்யனுக்கு எதுக்கு முதுகெலும்பு?"

அந்த வாரம் மாடிப்படியில் வலது பாதம் மடங்கி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார். அவள் ஓடிப்போய்த் தாங்கினாள். கையை உதறிவிட்டார். ஆனால் காலை ஆனதும் மட்டும் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டி நிற்பார். வலி அப்படி. அவளும் பேசாமல் இரண்டையும் ஒட்டி அனுப்புவாள்.

பெட்டி காலியானது. மருந்துக்கடையில் இந்தத் தடவை கடைக்காரரே இருந்தார். காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க இது? சிகரெட் விட்டு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

"எங்க விட்டாரு? வெளிய விட்டேங்கறாரு, உள்ள நிக்கோட்டின் இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க."

கடைக்காரர் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "இருக்கத்தானேம்மா செய்யும். இதுலயே நிக்கோட்டின்தானே இருக்கு. சிகரெட்டுல கிடைக்கறதைப் பட்டையில குடுத்து, அப்படியே படிப்படியா கொறைச்சு நிறுத்தணும். சாதாரணமா விடறவங்களுக்கு நல்ல மருந்து. ஆனா எதுக்காக டெஸ்ட் எடுத்தாங்க?"

தையல்காரம்மா கடைக்கு வெளியே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா 'நிக்கோட்டின்' என்று சொன்னபோது அது புகையில் இருக்கிற ஏதோ கரி என்றுதான் நினைத்திருந்தாள். உள்ளே இருந்த பெண் யாருக்கோ இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆளுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டது யார்?

வீட்டுக்கு நடக்கும்போது அவள் மூளை தன் பழக்கத்தை விடவில்லை. சத்தமில்லாமல் பட்டையை நிறுத்திவிட்டால் போதும், அடுத்த டெஸ்ட் சுத்தமாக வரும். யாருக்கும் தெரியாது. 'என் மிரட்டல்லதான் விட்டாரு' என்று ஊரிலும் சொல்லிக்கொள்ளலாம். கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் டெஸ்டுக்கே வரமாட்டேன் என்று அந்த மனிதர் பிடிவாதமாக நிற்கிறாரே. படியில் மடங்கிய அந்தப் பாதம் கண்முன் வந்தது. அவர் பொய்யன் இல்லை என்று யாராவது சொன்னால்தான் ஆஸ்பத்திரி படியேறுவார். அந்த யாராவது அவளைத் தவிர வேறு யார்?

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவள் வலிப்பட்டையை மட்டும் ஒட்டிவிட்டு, அந்த முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திரும்பவில்லை.

"எப்போலேர்ந்து ஒட்டறே?"

"நீங்க பாக்கெட்டை வீசின மறுநாள்லேர்ந்து."

"மறுநாள்லேர்ந்தா? ஒரு நாள்கூட என்னை விட்டுப் பார்க்கலையா?"

அவள் வலிப்பட்டையிலிருந்து உரித்த தாளை விரலில் சுருட்டினாள்.

"அப்போ நான் விடலை." அவர் சட்டையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். "ஊரெல்லாம் மனசு மனசுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, அது பட்டையா?"

பொய்யன் என்று சொன்னதைவிட இதுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"இரு" என்றார். "டெஸ்டுக்கு வர்றேன். ஆனா இனிமே ஒட்டற வேலை வேண்டாம். முகர்ற வேலையும் வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் நிஜமான கூத்து. பட்டை போனதும் நிக்கோட்டின் ஆசை மனிதரைப் போட்டு ஆட்டியது. ரேடியோவைத் திட்டினார். தேநீரில் சர்க்கரை கம்மி என்றார், அடுத்த நிமிஷம் ஜாஸ்தி என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்கும் வாசலுக்கும் நொண்டி நொண்டி நடந்தார். ஒரு தடவை வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டு, பின்னாலேயே போக அவள் எழுந்துவிட்டாள். பாதித் தூரம் போனவள் திரும்பி வந்து, தைத்து முடித்த திரைச்சீலையைப் பிரித்து மறுபடி தைத்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. அவர் எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. உள்ளுக்குள் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

டெஸ்ட் எடுத்தார்கள். முடிவு சொல்கிற அன்று அவளும் கூடவே மாடி ஏறினாள். ஆராய்ச்சிப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றாள்.

"நல்லா பார்த்தீங்களா? மெஷின் சரியாத்தானே இருக்கு?" என்று தையல்காரம்மாவின் வாய் அவளை முந்திக்கொண்டு கேட்டுவிட்டது. லிஃப்ட்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நடந்ததெல்லாம் டாக்டரம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். தையல்காரம்மாவே போனில் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். "தப்பு எங்க மேலயும் இருக்கு. இனிமே வீட்டுல இருக்கறவங்களையும் உக்கார வெச்சு, பட்டை, சூயிங்கம் எல்லாத்தையும் பேர் சொல்லிக் கேக்கணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். "ஆராய்ச்சியில சேர்றதும் சேராததும் இப்பவும் உங்க இஷ்டம். சேரலைன்னாலும் ஆபரேஷன் உண்டு. சேர்ந்தா, உள்ள என்ன வெச்சோம்னு ஆராய்ச்சி முடியற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. சம்மதமா?"

"என் முதுகுல என்ன இருக்குன்னு தெரியாம இருக்கறது எனக்குப் பழக்கம்தான் டாக்டரம்மா" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்க, கையில் இருந்த பிளாஸ்டிக் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல்காரம்மா தரையைப் பார்த்தாள்.

நாள் குறித்தார்கள். "வீட்டுக்குப் போனதும் கட்டு மாத்தணும். ரெண்டு இடத்துலயும் கையெட்டாது. யாரு பார்த்துப்பாங்க?" என்று ஆராய்ச்சிப் பெண் கேட்டாள்.

தையல்காரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் மச்சான்" என்றார் லிஃப்ட்காரர்.

வெளியே வந்து வராந்தாவில் அவரை உட்கார வைத்துவிட்டு, அவள் தம்பிக்குப் போன் செய்தாள். ரொம்ப நேரம் அடித்தது.

"என்ன, வேற ஏதாவது கண்டுபிடிச்சியா?" என்றான் தம்பி.

"தப்பு என்னோடதுடா. எல்லாம் விவரமா சொல்றேன், திட்டறதை அப்போ திட்டிக்கோ. மாமாவுக்கு ஆபரேஷன் நாள் குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் நீ தினம் வந்து கட்டு மாத்தணும்."

"அதுக்கு நீ இருக்கியே."

"என்னை விடமாட்டேங்கறார்."

அந்தப் பக்கம் தம்பி சிரித்தான். அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்தான்.

"நான் சிகரெட் பிடிக்கறவன்க்கா. பரவாயில்லையா?"

"வாசல்ல சோப்பு வெச்சிருப்பேன். முழங்கை வரைக்கும் கழுவிட்டு உள்ள வா" என்றாள் தையல்காரம்மா. "நான் நின்னு பார்ப்பேன்."